சீட்டுக் காசில் வாங்கிய ஸ்கூட்டி

எங்கள் நானாவுக்குக் கார்ப் பைத்தியம். ஒன்பதாம் ஆண்டு படிக்கும்போதே கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் கார் கீறிக்கொண்டிருந்தவர். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி ஒலுவிலுக்குப் போகத் தொடங்கியதும் இது தெளிந்துவிடும் என்று உம்மா நினைத்தார். தெளியவில்லை. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு கைத்தொலைபேசியில் வெளிநாட்டு மாணவர்கள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதைப் பற்றிப் பேசும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பக்கத்தில் இருந்து படிக்கும் எனக்கும் பாதி காதில் விழும்.

அப்படித்தான் 'மாஸ்டா எம்எக்ஸ்-5' என்ற பெயர் எனக்குப் பாடமாயிற்று. 1989இல் வெளிவந்த கார். இரண்டே இரண்டு இருக்கை. பெரிய எஞ்சின் கிடையாது. பாரத்தைக் குறைத்தால் சிறிய எஞ்சினும் துள்ளி ஓடும் என்பதுதான் அதைச் செய்தவர்களின் எண்ணம். 2016இல் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததாம். "காசில்லாதவன்ட ஸ்போர்ட்ஸ் கார்" என்று நானா அதற்குப் பட்டம் வைத்திருந்தார். காசில்லாதவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று நான் கேட்டால் கோபம் வந்துவிடும்.

எங்கள் நாட்டுக் கதை வேறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதன் பிறகு ஓடித் தேய்ந்த வாகனமெல்லாம் பொன்னாகிவிட்டது. தடைக்கு முன்பு புதிதாக வாங்கியவர் நாலு வருடம் ஓடியபின், வாங்கிய விலைக்கு மேலேயே விற்றார். நெல்லு விற்ற காசில் மோட்டார் சைக்கிள் வாங்குவது வரிப்பத்தான்சேனையில் முன்பு பெரிய காரியமில்லை. இப்போது இரண்டு போகம் விளைந்தாலும் யோசிக்க வேண்டும்.

யோசிக்க வேண்டிய நாள் எங்கள் வீட்டுக்கும் வந்தது. 2024 ஆகஸ்டில் உம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. நாலு இலட்சம் ரூபா. பன் பின்னி, இடியப்பம் அவித்துக் கொடுத்து, மாதம் தவறாமல் கட்டிய சீட்டு. லீசிங்கில் எடுத்தால் வட்டி, அது வேண்டாம் என்பதில் உம்மா உறுதி. ஆகவே நாலு இலட்சத்துக்குள், அல்லது கொஞ்சம் மேலே, கையில் உள்ள காசுக்கு ஒரு வாகனம். வீட்டில் ஆள் நாலு பேர். வாகனம் ஒன்று.

நானாவின் தேவை பொய்யல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போய், அங்கே கல்முனை பஸ்ஸைப் பிடித்து, அட்டாளைச்சேனை, பாலமுனை தாண்டி ஒலுவிலில் இறங்க வேண்டும். ஒரு பஸ்ஸை விட்டால் முதல் விரிவுரை போய்விடும். பின்னேரம் அவர் இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தன் செலவைப் பார்க்கிறார். பஸ் பிந்தினால் அந்தக் காசும் இல்லை.

என் தேவையும் பொய்யல்ல. பாடசாலைக்கு வேன் வருகிறது. ஆனால் சம்மாந்துறையில் நடக்கும் பின்னேர வகுப்பு முடிய மஃரிப் ஆகிவிடும். அந்த நேரம் வேன் இல்லை. ஆட்டோவுக்கு மாதம் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்த உம்மா ஒரு நாள் ஒன்றும் பேசாமல் கொப்பியை மூடினார். நானாகவே இரசாயனவியல் வகுப்பை நிறுத்தினேன். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறேன் என்று சொன்னேன். சேதன இரசாயனத்தைத் தனியே புத்தகத்தைப் பார்த்துப் படித்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குத் தெரியும் நான் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று.

ஆனாலும் சீட்டுக் காசு என்றதும் எல்லார் முகமும் நானாவின் பக்கமே திரும்பியது. என் முகமும்தான். ஆண்பிள்ளை, கெம்பஸ் போகிறவர், ஓட்டத் தெரிந்தவர், லைசன்ஸ் உள்ளவர். எனக்குப் பதினாறு வயது. பதினெட்டு ஆகாமல் லைசன்ஸ் கிடையாது. என்னிடம் கேட்டிருந்தால் நானும் நானாவுக்கே வாங்குங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

கார் கைக்கெட்டாது என்பதால் நானா ஸ்போர்ட்ஸ் பைக் என்று இறங்கி வந்திருந்தார். யமஹா ஆர் 15. நூற்றைம்பது சீசீ, தண்ணீரால் குளிரும் எஞ்சின், முன்னால் குனிந்து படுத்து ஓடும் கைபிடி, பின்னால் தனியாக உயர்ந்து நிற்கும் குட்டிச் சீற். கல்முனைப் பக்கம் ஒருவர் விற்கிறார், ஐந்து இலட்சம் கேட்கிறார், நாலரைக்கு இறங்குவார் என்று செய்தி வந்தது. குறைகிற ஐம்பதாயிரத்தைத் தான் பாடம் சொல்லிச் சேர்த்த காசிலிருந்து போடுவதாக நானா சொன்னார். பெற்றோல் செலவிலும் ஸ்கூட்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று கணக்கெழுதிக் காட்டினார். 2022இல் கியூஆர் அட்டை காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் வாங்கிய காலம் திரும்பவும் வந்தால்கூடத் தன்னால் சமாளிக்க முடியும் என்பது அவருடைய வாதம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நாலு பேரும் போனோம். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்று தெரியவில்லை. உம்மா காசை வைத்திருந்தார்; உம்மாவுக்குத் துணையாக நான்.

வாகனத்தில் வாப்பாவை ஏமாற்ற முடியாது. பதினொரு வருடம் ஜித்தாவில் ஒரு வீட்டில் சாரதியாக இருந்தவர். போனதும் அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை. குனிந்து எஞ்சினில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. "நாங்க வாறத்துக்கு முந்தியே ஸ்டார்ட் பண்ணிரிக்கீங்க போல" என்றார். ஆறிய எஞ்சின் ஒரே அழுத்தில் எழும்புகிறதா, எழும்பும்போது நீலப் புகை வருகிறதா என்று பார்த்தால்தான் உள்ளே ஒயில் எரிகிறதா என்பது தெரியும். சூடாக்கி வைத்த எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். பிறகு முன்சில்லை நேராக்கி வைத்துவிட்டு எதிரே போய் நின்று பார்த்தார். சில்லு நேராக நிற்க, கைபிடி ஒரு நூல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. விழுந்த வண்டி. மீற்றரில் பத்தொன்பதாயிரம் கிலோமீற்றர் என்றிருந்தது. வாப்பா கால் வைக்கும் இறப்பரைத் தடவிக் காட்டினார். வரியெல்லாம் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம் என்று அன்றுதான் நான் அறிந்தேன். 1416 என்றிருந்தது. 2016ஆம் ஆண்டு பதினாலாம் கிழமையில் செய்த டயர்.

"புத்தகத்தத் தாங்க" என்றார் வாப்பா. புத்தகத்தில் உரிமையாளர் இவரல்லர், அவருக்கு முந்தியவர். அதற்கும் மேலே ஒரு லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் வெட்டப்படாமல் இருந்தது. கையெழுத்து வைத்த வெற்றுப் படிவம் ஒன்று இருக்கிறது, பிரச்சினை வராது என்றார் விற்பவர். பிரச்சினை வராது என்று ஒருவர் மூன்று தரம் சொன்னால் என்ன அர்த்தம் என்பது எனக்கே விளங்கியது.

நானாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கைபிடியச் சரிபண்ணலாம் வாப்பா, டயரும் மாத்தலாம்" என்றார். வாப்பா இல்லை என்று சொல்லவில்லை. உம்மாவைப் பார்த்து, "நீ ஒருக்கா பின்னால ஏறிப் பாரு" என்றார்.

உம்மா அபாயாவைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அந்தக் குட்டிச் சீற்றில் பக்கவாட்டாக ஏற முயன்றார். சீற் அவருடைய இடுப்புக்கு மேலே இருந்தது. பிடிக்க ஒன்றுமில்லை. கால் வைக்க ஒரு பக்கம் மட்டும் சிறிய கட்டை. அபாயாவின் ஓரம் சங்கிலிக்கு நாலு விரல் தூரத்தில் தொங்கியது. துணி சில்லில் சுற்றி விழுந்தவர்களைப் பற்றி எங்கள் பகுதியில் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். உம்மா இறங்கி, அபாயாவைத் தட்டிவிட்டு, "இது ஒராளுட வாகனம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நானா தனியாகப் போய் முன்னால் இருந்தார்.

அன்று இரவு வாப்பா ஜித்தாக் கதை சொன்னார். அந்த வீட்டு மகனிடம் ஒரு மஸ்டாங் கார் இருந்ததாம். இரண்டே கதவு. அதைக் கழுவித் துடைப்பதும் வாப்பாவின் வேலை. அந்தப் பையன் அதில் கடற்கரை வீதியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வருவான். தாயை வைத்தியரிடம் கூட்டிப்போகவோ, தங்கையைப் படிக்கும் இடத்தில் விடவோ அந்தக் கார் ஒரு நாளும் போனதில்லை. அதற்கு வாப்பாதான் பழைய கெம்ரியில் போவார். "அது ஓடுற சாமானில்ல மன, பாக்குற சாமான்" என்றார் நானாவிடம். நானா சிரிக்கவில்லை.

அப்போதுதான் உம்மா, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னார்: "ஒரு ஸ்கூட்டி எடுப்பம். நான் ஓடப் பழகுறன்."

யாரும் பேசவில்லை. வாப்பா எழும்பி வாசலுக்குப் போய்விட்டார். மூன்று நாள் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

எங்கள் ஊரில் பெண்கள் ஸ்கூட்டி ஓடுவது புதினமல்ல. டீச்சர்மார் ஓடுகிறார்கள், பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறவர்கள் ஓடுகிறார்கள், குடும்பநல மாது ஓடுகிறார். ஆனால் அவர்களுக்கு உத்தியோகம் இருக்கிறது. ஸ்கூட்டியும் உத்தியோகத்தோடு வந்த சாமான்போல ஆகிவிடுகிறது. இடியப்பம் அவிக்கிற, பன் பின்னுகிற, நாற்பத்தொரு வயதான ஒரு உம்மா ஓடினால் அதற்கு என்ன பெயர்? குடும்பத்தில் ஒருவர் வீட்டுக்கே வந்து, "புள்ள குமராகிட்டா, இந்த நேரத்தில இது தேவையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். புள்ள என்றது என்னை. நான் குமரானதற்கும் உம்மா ஸ்கூட்டி ஓடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வாப்பாவின் மௌனத்துக்குக் காரணமும் அதுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை என்று உம்மம்மா சொல்லித்தான் தெரிந்தது.

சவூதியில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி இல்லாதிருந்ததை எல்லோரும் அறிவோம். 1990 நவம்பர் 6ஆம் திகதி ரியாதில் நாற்பத்தேழு பெண்கள் தடையை மீறிக் கார்களில் ஊர்வலமாகப் போனார்கள். வேலையில் இருந்த பலர் வேலையை இழந்தார்கள். பிறகு இருபத்தேழு வருடம் கழித்து, 2017 செப்டெம்பரில் அரச கட்டளை வந்தது. 2018 ஜூன் 24 முதல் பெண்கள் ஓட்டலாம் என்றானது. உலகமே அதைக் கொண்டாடியது. எனக்கு அப்போது பத்து வயது. ஜித்தாவில் வாப்பா வேலை செய்த வீட்டு மெடமும் லைசன்ஸ் எடுத்தார். எடுத்த பிறகு முதல் இரண்டு மாதம் பக்கத்து இருக்கையில் இருந்து அவருக்கு வீதியைக் காட்டிக்கொடுத்தது வாப்பாதான். எந்தச் சந்தியில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால் பதறக்கூடாது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாராம். நன்றாகப் பழகியதும் அடுத்த வருடம் விசாவைப் புதுப்பிக்கவில்லை. மெடம் கண்கலங்கி, பிள்ளைகளுக்கு என்று ஒரு பெட்டி நிறையச் சாமான் கொடுத்து அனுப்பினார். அந்தப் பெட்டியிலிருந்த பென்சில் பெட்டியை நான் ஏழாம் ஆண்டுவரை பாவித்தேன். அது என்ன பெட்டி என்று தெரியாமலேயே பாவித்தேன்.

ஒரு பெண்ணுக்கு ஓடப் பழக்கிவிட்டுத் தன் வேலையை இழந்து வந்த மனிசனிடம் போய், இன்னொரு பெண், அதுவும் சொந்த மனைவி, ஓடப் பழகுகிறேன் என்கிறார். யார் மீது கோபப்படுவது? மெடம் மீது வாப்பாவுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "அந்தப் பொம்புள நல்லா ஓடினா" என்றுதான் எப்போதும் சொல்வார். ஆனால் அந்த வசனத்தோடு கதையை நிறுத்திவிடுவார்.

நாலாம் நாள் சுபஹுக்குப் பிறகு, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, "எத்தின சீசீ எண்டு யோசிச்சிரிக்காய்?" என்று உம்மாவிடம் கேட்டார்.

வாங்கியது ஹொண்டா டியோ. நூற்றுப்பத்து சீசீ, ஆர் 15ஐ விட எத்தனையோ கிலோ பாரம் குறைவு, சங்கிலி வெளியே தெரியாது, பின்னால் பிடிக்கக் கம்பி உண்டு, சீற்றுக்குக் கீழே ஒரு பை வைக்கலாம். நிந்தவூரில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் இருந்தது. வாப்பா இந்த முறையும் புறங்கையை எஞ்சினில் வைத்தார், குளிர்ந்திருந்தது. பென்சிலால் கடதாசியில் தேய்த்து செசி இலக்கத்தை எடுத்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். புத்தகத்தில் அந்த ஆசிரியையின் பெயர் மட்டும் இருந்தது. புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றும் திகதி தவறாமல் இருந்தன. ஒரு குறை மட்டும்: சும்மா நிற்கும்போது எஞ்சின் பக்கம் ஒரு சத்தம். பெல்ட் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார் வாப்பா. அதைச் சொல்லிப் பத்தாயிரம் குறைத்தார். நாலு இலட்சத்துப் பத்தாயிரத்துக்கு முடிந்தது. மேலதிகப் பத்தாயிரத்தை நானா கொடுத்தார். கேட்காமலேயே கொடுத்தார்.

(இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கியபோது, "அவசரப்பட்டுட்டீங்க" என்று சிலர் சொன்னார்கள். புதிய வாகனங்களின் விலையை வரியோடு கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.)

உம்மா பழகியது இறக்காமக் குளக்கட்டுப் பக்கம். சுபஹு தொழுதுவிட்டு வெளிச்சம் வரும் நேரம், ஆள் நடமாட்டம் குறைவு. யானை வருகிற காலங்களில் அதுவும் யோசித்துத்தான் போக வேண்டும். வாப்பா பின்னால் நடந்து வருவார். ஏற மாட்டார். "இடக்கைப் பிரேக்க மறந்திராத, முன்பிரேக்க மட்டும் புடிச்சா சறுக்கும்" என்று கத்திக்கொண்டே வருவார். மூன்றாம் நாள், வீதியில் காயப்போட்டிருந்த நெல்லில் சில்லு ஏறி உம்மா விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்தது. அழுவார் என்று நினைத்தேன். எழும்பி முதலில் சொன்னது: "அவங்கட நெல்லெல்லாம் செதறிப் பெயித்து." மூன்று பேரும் இருந்து நெல்லைக் கூட்டி அள்ளிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அம்பாறையில் எழுத்துப் பரீட்சை. உம்மா பத்தாம் ஆண்டோடு பாடசாலையை விட்டவர். வீதிச் சமிக்ஞைகள் உள்ள புத்தகத்தை அடுப்படியில் அரிசி வாளிக்கு மேல் வைத்துப் படித்தார். இரவில் நான் கேள்வி கேட்பேன். எனக்கு அவர் ஓட்டம் காட்டிய வயதுகளெல்லாம் நினைவுக்கு வரும். இப்போது நான் கேட்க, அவர் விடையைத் தேடி முகட்டைப் பார்க்கிறார். "முந்திச் செல்லத் தடை எண்ட படத்தில எத்தின கார் இரிக்கி?" என்று கேட்டால், "ரெண்டு, ஒண்டு சிவப்பு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். பரீட்சைக்குப் போன அன்று பேனையை இரண்டு தரம் எழுதிப் பார்த்துவிட்டு எடுத்துப் போனார். பிறகு எட்டுப்போல வளைத்து ஓடிக்காட்டும் பரீட்சையில் முதல் தடவை கால் ஊன்றியதால் தவறிவிட்டது. இரண்டாம் தடவை சரி.

இப்போது செவ்வாயும் வியாழனும் சம்மாந்துறை வகுப்புக்கு வெளியே மஃரிப் நேரத்தில் உம்மா நிற்பார், ஹிஜாபுக்கு மேல் ஹெல்மட்டோடு. இரசாயனவியலைத் திரும்பத் தொடங்கிவிட்டேன். விட்ட நாலு மாதத்தை இன்னும் பிடிக்க முடியவில்லை. ஞாயிறுகளில் இடியப்பத்தைக் கடைகளுக்குக் கொண்டு போய்க் கொடுப்பதும் ஸ்கூட்டியில்தான். முன்பு ஒரு பையனுக்குக் கொடுத்த கூலி மிச்சம்.

நானா திங்களும் புதனும் டியோவில் கெம்பஸ் போகிறார். மற்ற நாட்களில் பஸ். பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு வீட்டை நேரம் போதாமல் விட்டுவிட்டார் என்பதை எனக்கு மட்டும் சொன்னார். உம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். இதை உம்மா வாசிப்பார் என்பதால் இப்போது சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டியை மூன்று பேருக்குப் பங்கு போடும்போது ஒருவருக்குக் குறையும், குறைந்தது அவருக்கு. அந்தக் காணொளிகளை அவர் இப்போதும் பார்க்கிறார். சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கிறார்.

வாப்பா நீண்ட காலம் உம்மாவுக்குப் பின்னால் ஏறவில்லை. தானே ஓடுவார், அல்லது நடப்பார். போன மாதம் வயலில் கால் பிசகி வீங்கியபோது, வைத்தியசாலைக்குப் போக வேறு வழி இருக்கவில்லை. நானா கெம்பஸில். உம்மா ஸ்கூட்டியை வாசலுக்குக் கொண்டு வந்து நிறுத்தினார். வாப்பா ஒரு கையால் என் தோளைப் பிடித்து, வீங்கிய காலைத் தூக்கி, பின்னால் ஏறி இருந்து கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பேக்கரிச் சந்தியில ஹோர்ன் அடிக்க மறந்திராத" என்றார்.

"தெரியும்" என்றார் உம்மா.